சாயம் போதவில்லை

சர்வேயர் வரைந்த தாளில்
வங்கிக்கு இடம் இருந்தது, இரண்டு சாராயக் கடைக்கும்,
இன்னும் வராத ரயிலுக்கும்.
சாவுக்கு இல்லை.
வெள்ளி எடுக்க வந்தோம், சாகவா வந்தோம் என்று
சிரித்தார் ஹைரம் டோல்மன்.

நவம்பரில் கோவேறு கழுதைக்காரன் லெமுவேல் ஸ்டிராட்
இருமி இருமி அடங்கினான்.
கடப்பாரை பட்ட இடத்தில் தரை பொறி கக்கியது.
கசாப்புக் கொட்டகையில்
தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு அடியில்
ஏப்ரல் வரை கிடத்தினோம்.
கறி வாங்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.
ஜனவரிக்குப் பிறகு அதுவும் இல்லை.

பனி இளகியதும் என்னை அனுப்பினார்கள்.
ஒரு டாலர் கூலி.
ஓடைக்கு மேலே, சரிவில்,
மண்வெட்டிக்கு மண் சுலபமாய் வழிவிட்டது.
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடுப்பாழத்தில் சிப்பி மணிகள்.
பிறகு ஒரு தாடை, காவி பூசியது,
பால்பற்கள் விழாதது.
மூடினேன்.
ஆறடி தள்ளித் தோண்டினேன்.
அங்கேயும் ஒருவர்,
முழங்கால் மடக்கி, கிழக்குப் பார்த்து.

மூன்றாவதில்
லெமுவேலுக்கு இடம் கிடைத்தது.
கிடைத்தது என்பதா,
நகர்ந்து கொடுத்தார்கள் என்பதா.

பாதிரியார் இல்லை. கொல்லன்தான்
வேதப் புத்தகத்தில் பாதிப் பக்கம் வாசித்தான்,
மீதியைக் காற்று புரட்டிவிட்டது.

பலகை எழுதுவதும் என் வேலை.
‘இம்மண்ணில் முதலில் அடக்கமானவர்’
என்று எழுதச் சொன்னார் டோல்மன்.
பெயரை எழுதினேன், ஆண்டை எழுதினேன்.
‘முதலில்’ வரவேண்டிய இடத்தில்
ஒரு சாண் பலகையை வெறுமையாக விட்டேன்.

கேட்டார்.
சாயம் போதவில்லை என்றேன்,
பாதி நிறைந்த வாளியைக்
காலால் பின்னுக்குத் தள்ளியபடி.