இணைப்பு நான்கு

கொழும்பிலிருந்து இரவு ரயில்.
பையில் நாற்பத்தாறு பக்கப் படிவம்,
இரண்டு பேனா, ஒரு அடிமட்டம்.
வெளிக்களத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்கு
அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்க
உப்புவெளிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள்.
எனக்கு நீச்சல் தெரியாது.
படிவத்தில் அதைக் கேட்கும் கட்டம் இல்லை.

முதல் நாள் பொருட்கள்.
மிதவை அங்கி பதினான்கு. ஒன்றில் கொளுக்கி உடைவு.
கயிறு, விசில், முதலுதவிப் பெட்டி.
பெட்டிக்குள் கண்மருந்து காலாவதியாகிப்
பதினொரு நாள். குறித்துக்கொண்டேன்.
பிரதான பயிற்றுநர் யோகசீலன்
நான் குறிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
வலையில் பேத்தை விழுந்ததைப் பார்ப்பவர் மாதிரி.

நான்கு தசம் இரண்டு:
பயிற்றுநரின் கடல் அனுபவம்.
ஆகக் குறைந்தது அறுபது நாள்.
எழுத்துமூலச் சான்று இணைக்கவும்.

"எழுத்திலயோ" என்றார்.
உள்ளே போய், வெகுநேரம் கழித்து,
ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தார்.
அதற்குள் கடற்பாஸ்.
யுத்தகாலத்துத் துண்டுகள்,
வருடத்துக்கொரு ரப்பர் பட்டி.
படகு இலக்கம். போன நேரம். வந்த நேரம்.
போன ஆட்கள். வந்த ஆட்கள்.
ஒவ்வொன்றிலும் சாவடியின் நீல முத்திரை,
யாரோ ஒருவனின் அவசரக் கையெழுத்து.

இதைவிடச் சுத்தமான கடற்பதிவேட்டை
தராதரம் பெற்ற எந்தக் கழகத்திலும் நான் கண்டதில்லை.
துவக்கு பார்த்துக்கொண்டிருக்க எழுதிய நேரம்
நிமிடம் பிசகாது.

அடிமட்டம் வைத்து வரிவரியாக எண்ணினேன்.
இருநூற்றுப் பதினேழு நாள்.
போனது இரண்டு, வந்தது இரண்டு.
போனது இரண்டு, வந்தது இரண்டு.
ஓரிடத்தில் அடிமட்டம் நின்றது.
போனது இரண்டு, வந்தது மூன்று.

அதற்குப் பிறகு
முப்பத்தொரு நாளுக்குத் துண்டே இல்லை.

"ஆர் இந்த மூன்றாவது ஆள்?"
"பேர் கேக்கேல்ல. சல்லிப் பெடியன்.
கவிண்ட வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தான்.
கணக்குப் பிழைச்சாப் பாஸை வெட்டுவாங்கள், தெரியும்தானே."
எனக்குத் தெரியாது.
"சம்பவங்கள் என்ற இடத்தில்
இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்."
அவர் உண்மையாகவே யோசித்தார்.
"ஒருத்தரும் குறையேல்லையே."

மறுநாள் செய்முறைப் பரீட்சை. கச்சான் கிளம்பியிருந்தது.
கரையோரம் தண்ணீர் இஸ்திரி போட்ட துணி.
அந்தக் காற்று முதுகில் கைவைத்து
மெல்ல, மரியாதையாக,
வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்.
பயிலுநர்களில் கிண்ணியா நுஸ்கியாதான்
அன்றைக்குத் தலைமை.
கம்பத்துத் துணித்துண்டை அண்ணாந்து பார்த்தவள்
"இண்டைக்குப் புறாத்தீவு இல்ல" என்றாள்.
போனால்தான் புள்ளி என்பது அவளுக்குத் தெரியும்.
யோகசீலன் என் பக்கம் திரும்பவே இல்லை.

கயாக்குகள் கரையோடு சல்லி முனை வரை போய் வந்தன.
பின்னால், எஞ்சின் படகில்,
கொளுக்கி உடையாத அங்கியொன்றை
இரண்டு கையாலும் பிடித்தபடி நான்.
திட்டமிட்ட பயணம் நிறைவேறியது: ஆம் / இல்லை.
நடுவிலிருந்த சாய்கோட்டில்
பேனா மை கொஞ்சம் ஊறிவிட்டது.

போகமுன் எண்ணினார்கள்.
முதலில் அவள், பிறகு அவர். பதினொன்று.
என் பட்டியலில் பத்துப் பேர்தான்.
ஈரமணலில் நின்று திரும்பவும் எண்ணியபோது
அவருடைய விரல் என்னில் வந்து முடிந்தது.

ஆறு கிழமை கழித்துக் குழுவின் கடிதம்.
நிபந்தனையுடன் அங்கீகாரம், ஆறு மாதத்துக்கு.
கொளுக்கி மாற்றப்பட வேண்டும்.
கண்மருந்து மாற்றப்பட வேண்டும்.
இணைப்பு நான்கில் ஒரு வரியில்
ஆட்கணக்கு பொருந்தவில்லை;
மதிப்பீட்டாளர் விளக்கம் தரவும்
அல்லது அந்த வரியை நீக்கவும்.

கொளுக்கிக்கும் மருந்துக்கும் பதில் போய்விட்டது.
விளக்கம் என்ற கட்டம்
மூன்று நாளாக மேசையில் திறந்து கிடக்கிறது.
நேற்று மாலை
நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டினேன்.
பற்றுச்சீட்டை
எங்கே இணைப்பதென்று தெரியவில்லை.