நீல மூடி

முதலில் குறைந்தது சர்க்கரை.
பிறகு பஸ்ஸின் ஏசி கெட்டது,
கெட்டபடியே ஓடியது.
மார்ச்சில் ஃபோர்மேன் காரை விற்றான்.
கேட்டால் சிரித்தான்.
நான் ஸ்டோர்க்காரன்.
கையுறை எத்தனை, போல்ட் எத்தனை,
அலமாரி எனக்குப் பொய் சொல்லாது.

சித்ராத் தீவு என்றால்
பெண் பேர் மாதிரி இருக்கிறதே என்பாள் மனைவி போனில்.
எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால் எங்கள் கேம்ப்,
நூற்றுப் பதினாறு கட்டில், ஆறு மொழியில் குறட்டை.
ரிஃபைனரிச் சுடர் விடியும்வரை எரிவதால்
மொட்டை மாடிக்குத் தனியாக விளக்கு வேண்டாம்.
அங்கே கூடினோம்.

"சம்பளம் நிற்கப் போகிறது" என்றேன்.
"கருநாக்கை அடக்கு" என்றான் தவசி.
யாழ்ப்பாணத்து யோகநாதன் மட்டும்
"எந்த மாசம்?" என்று கேட்டார்.
"ஜூலை."
தவசிக்காக "ஆடி" என்றும் சொன்னேன்.

ஒரு கமிட்டி வேண்டும், வேண்டாம்.
கை தூக்கினால் போதுமே என்றான் தில்பகதூர்.
"கை தூக்கினால்
தூக்காதவன் யாரென்று தெரிந்துவிடும்"
என்றார் யோகநாதன்.
சுடர் மட்டும் சற்று நேரம் பேசியது.

அதனால் லபான் பாட்டில் மூடிகள்.
நீலம் சம்மதம், பச்சை மறுப்பு.
கவிழ்க்காத ஹெல்மெட், மேலே ஈரத் துண்டு.
ரஃபீகுல் ஒவ்வொன்றாய் எடுத்து
சுடருக்கு நேரே காட்டினான்.
தொண்ணூற்றொன்று நீலம், இருபது பச்சை,
ஒரு சோடா மூடி.
(அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.)
நாலு பேர் நைட் ஷிப்ட்.
அவர்கள் போட்டாலும் முடிவு மாறாது.
இருந்தும் காத்திருந்தோம், காலை ஐந்தரைவரை,
கொட்டாவியோடு.

ஊரில் என் பெயர் பட்டியலில் இருக்கிறது,
பக்கத்தில் மீசை அரும்பிய என் பழைய முகத்தோடு.
மூன்று தேர்தல் போய்விட்டது.
விரலில் மை இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸ்.

ஆளுக்கு மாதம் ஒரு தினார்.
டைம்கார்டுகளைப் போனில் படமெடுத்து
மூன்று பேரிடம் வைத்தோம், ஒருவனிடம் அல்ல.
மனாமாவில் நர்ஸ் லிஸியின் சர்ச் பெண்கள்
நாற்பது நாள் அரிசிக்கு வாக்குக் கொடுத்தார்கள்.
ஸகீனா, ஸல்மாபாத்தில் கணக்கு எழுதுகிறவள்,
இந்த நாட்டுக்காரி,
அரபியில் மனுவை ஏப்ரலிலேயே எழுதி முடித்தாள்
தேதிக்கு மட்டும் இடம் விட்டு.

அந்த வெற்றிடத்தை
அடிக்கடி பிரித்துப் பார்ப்பேன்.
அது நிரம்பாமலே இருக்கட்டும் என்று
எனக்கும் ஆசைதான்.

ஜூலை ஒன்பது. ஆபீஸ் கதவில் பூட்டு,
உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.
தவசி ஒன்றும் சொல்லவில்லை.
பேனா வாங்கித்
தேதியை அவனே எழுதினான்.

எல்லாம் கிடைத்தது என்று எழுத ஆசை.
கிடைத்தது பாதி, அதுவும் நவம்பரில்.
பதினொரு பேர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார்கள்.
ஒருவரும் பசியோடு படுக்கவில்லை.
இதைச் சொல்லலாம்.

இனி சொல்லப் பிடிக்காத ஒன்று.
தலைவர் பதவி ஆறு மாதம் மட்டும்:
நானே எழுதிய விதி அது.
அக்டோபரில் மாடி ஏறி நின்று
"நிலைமை சரியில்லை, இன்னும் ஒரு தடவை நானே..."
என்று ஆரம்பித்தேன்.
அந்த வாக்கியத்தை எங்கோ கேட்டிருக்கிறேன்,
எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில், மைக்கில்,
பல குரல்களில்.
பாதியில் நிறுத்தினேன்.
யோகநாதன் தொண்டையைக் கூடச் செருமவில்லை.
துண்டை மட்டும் நனைத்து வந்தார்.

ஜெயித்தது தில்பகதூர்.
என் மூடி அவனுக்கு அல்ல,
அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.
நோட்டைக் கொடுத்தேன்.
அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது,
எண்கள் தெரியும்.
கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து,
சுடருக்கு நேரே சாய்த்துப் பிடித்து,
"சர்க்கரை?" என்றான்.