எச்சில் தராசு

சாப்பாட்டுக் கூடத்தின் கடைக்கோடியில் ஒரு வாளி,
வாளிக்கடியில் தராசு.
தட்டில் மிஞ்சியதை வழித்துப் போட்டால்
சிவப்பு எழுத்தில் கிராம் காட்டும்.
குறைவாக வீணாக்கும் வகுப்புக்கு
மாதக் கடைசியில் சினிமா.

ஓவுலு நகரம். நவம்பர்.
கடைசிப் பாடவேளையிலேயே இருட்டி
ஜன்னல்கள் முகம் பார்க்கும் கண்ணாடிகளாகிவிடும்.

யார் தொடங்கியது என்கிறார் பள்ளித் தாதி.
யாரும் யாரையும் சாப்பிடாதே என்றதில்லை,
முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.
பில்வி ஒருநாள் உருளைக்கிழங்கைத் தாண்டிப் போனாள்.
அவ்வளவுதான்.
இங்கெரி கரண்டியைத் தொட்டாள், விட்டாள்.
அடுத்து நான்.
எனக்குப் பசி.
பின்னால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பார்த்தார்களா, தெரியாது.
முதுகு அப்படித்தான் சொன்னது.

வியாழக்கிழமைப் பட்டாணிச் சூப்பு
ஒரு கரண்டி, பிறகு அரை,
பிறகு கிண்ணத்தில் வெறும் ஈரத்தடம்.
ஒரு வறட்டு ரொட்டியை ஆறாக உடைத்து
விருந்து என்று சிரித்தோம்.
நன்றாகவே சிரித்தோம், அதையும் எழுதுங்கள்.

மீரி ஒருமுறை இரண்டு அப்பம் எடுத்தாள்.
"தைரியசாலிதான் நீ" என்றாள் சில்யா,
பாராட்டுகிற குரலில்.
மறுநாளிலிருந்து மீரிக்கு
மதிய வேளையில் நூலகத்தில் வேலை இருந்தது.
எங்களுக்குப் பொறாமையாக இருந்தது.

ஒன்பது பி வகுப்புக்குப் பரிசு.
தலைக்கு நான்கு கிராம், பள்ளியிலேயே குறைவு,
ஒலிபெருக்கியில் தலைமையாசிரியர் பெருமைப்பட்டார்.
வெப்பமூட்டிய கூடத்துக்குள்
கையுறையோடு கைதட்டினோம்.
பாத்திரம் கழுவும் ராய்யா மட்டும்
ஈரக் கையைத் துடைத்தபடி முணுமுணுத்தாள்:
"எடுத்தால்தானே மிஞ்சும்."
அவளுடைய அண்டாவை எடைபோட
அந்தப் பள்ளியில் தராசு இல்லை.

சினிமாவுக்கு ஐந்து பேர் போனோம்.
மீரிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்
கையில் குழாய் ஏறிக்கொண்டிருந்தது.
அவள் டிக்கெட்டை யாருக்கும் தரவில்லை,
அந்த இருக்கையில் கோட்டுகளைக் குவித்தோம்.
பாப்கார்ன் வாளி மடிவிட்டு மடி மாறி
குறையாமல் என்னிடம் வந்தது.
சூடு இன்னும் இருந்தது.

விளக்கணைந்தது.
வாளியைக் கோட்டுகளின் மேல் வைத்தேன்.
படம் என்னவென்று கேட்காதீர்கள்.
கொஞ்ச நேரத்தில், இருட்டில்,
மிக அருகில், யாரோ மெல்லும் சத்தம்.
பிறகு இன்னொன்று.
நான் திரும்பவில்லை.
பார்த்தால் நின்றுவிடும்.