தாடை

இரவெல்லாம் விழித்திருந்து வரச் சொன்னோம்.
அவளுக்கு அது புதிதல்ல:
தங்கவயலிலிருந்து விடியற்கால ரயில்,
பீன்யாவில் காஜா எடுக்கும் வேலை.

எண்ணெயில்லாத் தலையில் வகிடு வகிடாய் அளந்து
பசை தொட்டு இருபத்தொரு வில்லைகள் ஒட்டினேன்.
இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டை.

திரை முழுக்கக் கருவேலங்காடு.
"இதுவா என் மூளை?"
இல்லை எப்சிபா, இது பல்.
கடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"நானா?"

வாயை லேசாகத் திறக்கச் சொன்னேன்.
கண்ணை மூடச் சொன்னேன்.
நேரம் பிடித்தது.
வெளியே ஓசூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று
சிக்னலில் கத்திக்கொண்டிருந்தது.

பிறகு, பின்மண்டையிலிருந்து,
நொடிக்குப் பத்தாய் வந்தன அலைகள்:
ஒரு பென்சில் பேட்டரியில்
லட்சத்தில் மூன்று பங்கு.

டாக்டர் தேடும் முள் அதில் இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
பதிவின் ஓரத்தில் நான் குறித்தது:
10.42, தாடை தளர்ந்தது.