இருபத்தெட்டாம் நாள் தேவகோட்டையில் விசேஷம்

கானாடுகாத்தான் கல்யாணம். இரண்டாம் பந்தி.
எச்சில் இலை கொட்டப் போன கார்மேகம்
கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான்.
"குட்டிதாண்ணே. சும்மா பல்லு பட்டுச்சு."

கரண்டியைக் கீழே வைத்தேன்.
முப்பது வருஷத்தில் பந்தி நடுவே
நான் கரண்டியைக் கீழே வைத்தது
இது இரண்டாவது தடவை.

அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம்.
வெற்றிலைத் தட்டோடு வந்தவர் சுண்ணாம்பு என்றார்.
காப்பித்தூள் என்றது பில்டர் பக்கம்.
மிளகாய்ப்பொடி அப்பு, எரிந்தால் விஷம் இறங்கும் என்றார்
பெண்ணுக்குச் சித்தப்பா.

ஐயா,
மிளகாய்ப்பொடி எதில் எவ்வளவு என்று
என்னைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் கல்யாணமே வைக்கிறார்கள்.
காயத்துக்கு அளவு கிடையாது.

இரண்டாங்கட்டுக் குழாய். துணி சோப்பு.
பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும்.
எனக்குக் கடிகாரம் வேண்டாம்,
உலையில் அரிசி போட்டதிலிருந்து வடிக்கும் பதம் வரை.
"போதும்ணே" என்றான் நாலாவது நிமிஷத்தில்.
அரிசி வேகலடா.
"போதும்ணே."
இன்னும் நடுவில் கல் இருக்கு. கழுவு.

முதல் தடவை வயிரவன்.
வைரவன்பட்டியில் வேண்டிப் பெற்ற பிள்ளை,
நாயை வாகனமாக வைத்திருக்கும் சாமியின் பெயர்.
எங்கள் செட்டுக்குத் தண்ணீர் தூக்குகிறவன்.
தோளில் ஒன்று இடுப்பில் ஒன்று, சிந்தாது.
கணுக்காலில் நகம் அளவு கீறல்.
மிளகாய்ப்பொடி எடுத்துக் கொடுத்தது நான்.
ஆறிப்போனது. மறந்துபோனோம்.
மூன்றாம் மாசம்
அரை டம்ளர் தண்ணீரைப் பார்த்து
அவன் தொண்டை இறுகியது.
மின்விசிறிக் காற்றுக்கும் துடித்தான்.
இனிமேல் மருந்து இல்லை என்றார் டாக்டர்.
முன்னால் இருந்ததா என்று கேட்டேன்.
இருந்தது, என்றார். இலவசமாக.

கார்மேகத்தை வேனில் ஏற்றி
காரைக்குடி பெரியாஸ்பத்திரி.
காயத்தைச் சுற்றிக் குத்தியபோது மட்டும் கத்தினான்.
தோளில் போட்டது எறும்புக்கடி.
சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்:
இன்று, மூன்று, ஏழு, இருபத்தெட்டு.

நாய் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுப் போடலாமே என்று
சித்தப்பா போன் செய்தார்.
பார்க்க நாய் எங்கே?
அந்தக் குட்டியை அப்புறம் யாருமே பார்க்கவில்லை.
மறுவாரம் வலையோடு வந்தவர்கள்
தெருவில் அகப்பட்டதற்கெல்லாம் ஊசி போட்டு
நெற்றியில் சிவப்புச் சாயம் தடவினார்கள்.
பூட்டிய வீடுகளின் வாசலெல்லாம்
பொட்டு வைத்த நாய்கள்
விருந்தாளி மாதிரி படுத்திருந்தன.
குட்டி அதில் இல்லை.

என் அட்வான்ஸ் சீட்டில் இப்போது இரண்டு வரி கூடுதல்.
இலை போட மூடி வைத்த டிரம் தர வேண்டும்.
வீட்டு நாய்க்கு இந்த வருஷ ஊசி போட்டிருக்க வேண்டும்.
சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போடுகிறார்கள்.

இருபத்தெட்டாம் நாள் தேவகோட்டையில் விசேஷம்,
அறுநூறு இலை.
"நாளைக்குப் போட்டுக்கிறேண்ணே, கை சுத்தமா ஆறிடுச்சு."
ஆறினது எனக்கும் தெரியும்.
பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பினேன்.

ஒரு ஆள் குறைவு.
அன்றைக்குத் தண்ணீர் நான் தூக்கினேன்.