எழுத்தர் கருத்து எதுவும் கூறவில்லை

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்தான் கூட்டம்.
தரை பாழாகாமலிருக்க
வாசலிலேயே கழற்றிவிட்ட பூட்ஸ்கள்
நூற்றுப் பன்னிரண்டு ஜோடி.
எண்ணினேன். எண்ணுவதும் எழுதுவதும் என் வேலை;
ஆல்டர் ஃபோர்க் ஊர் மன்றத்துக்கு
பத்தொன்பது வருட எழுத்தர்.

ஊரே காலுறையோடு உட்கார்ந்திருக்க
ப்ரெண்டன் மட்டும் ஷூவைக் கழற்றவில்லை.
கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மேசைமேல் ஒரு மாதிரி ஊர்.
ஆறு வெள்ளைக் கட்டடங்கள், பஞ்சு மரங்கள்,
நக உயர மனிதர்கள்.
ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை.
விஸ்கான்சினில், தொப்பி இல்லாமல்!

திட்டத்தின் பெயர் நாரை.
நிறுவனத்தின் பெயரை இப்போது சொல்வதற்கில்லையாம்.
“தொழில்நுட்பப் பூங்கா” என்றான்.
“ஊஞ்சல் இருக்குமா?”
பின்வரிசையில் ஒரு குழந்தை.
சிரிப்பைக் குறிப்பில் எழுதுவதில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
முட்டை வேகவைக்கும் என் கடிகாரத்தை
வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

ஆர்லிஸ் டீபிங்க் எழுந்தாள்.
தன் கிணறு நூற்றெண்பது அடி என்றாள்.
“உங்க மெஷினுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தாகம்?”
அவன் ஓர் எண்ணைச் சொன்னான்.
எண்ணாக இருந்தவரை அது யாரையும் தொடவில்லை.
தீயணைப்பு வண்டி ஓட்டும் டுவெய்ன் ப்ரோஹாஸ்கா
உட்கார்ந்தபடியே வகுத்துப் பார்த்துச் சொன்னான்:
“நம்ம டேங்கர். நூத்தம்பது நடை.
தினமும். ஞாயிற்றுக்கிழமையும்.”

அரங்கின் ஓரத்தில் ஹீட்டர் கரகரத்தது.

மைஸி வாங் ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டாள்.
“என் மகன் வேலைக்குத் தொண்ணூறு மைல் போறான்.
போன மாசம் மான் குறுக்கே வந்து
கார் போச்சு. அவன் இருக்கான்.
கட்டட்டும்.”
“கட்டி முடிச்ச பிறகு எத்தனை பேருக்கு வேலை?”
“நாற்பது, தோராயமாக.”
“அதுல ஒண்ணு போதும் எனக்கு.”
கடிகாரம் அடித்தது. அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

எழுதினேன்: ஆதரவு, ஒன்று.

ஆலை, பள்ளி வரி, இரைச்சல், தவளைகள்,
யாரோ ஒருவரின் மைத்துனன் வேறொரு ஊரில் கண்டது,
இரவில் அணையாத விளக்கு.
என் பேனா யார் பக்கமும் சாயாமல்
நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வெள்ளைக் கட்டடம் நிற்பது
என் குதிரைமசால் வயலில்.

நவம்பரில் சமையலறை மேசையில்
ரொட்டித் துகளைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு
கையெழுத்துப் போட்டேன். அறுபத்திரண்டு ஏக்கர்.
வெளியே மூச்சு விடமாட்டேன் என்பதற்குத்
தனியாக இன்னொன்று.
அன்று ப்ரெண்டன் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான்
உள்ளே வந்தான். காலுறையில் வாத்துப் படம்.
அதனால் அவனை நம்பினேன் என்று சொன்னால்
யார் நம்புவார்கள்?

ஆர்லிஸ் மாதிரி ஊரைக் குனிந்து பார்த்தாள்.
என் வயலோரத்துச் சாலை வளைவை
விரலால் தொட்டாள். நிமிர்ந்தாள்.
பார்வையையும் குறிப்பில் எழுதுவதில்லை.

பேசியவர்கள் இருபத்து மூன்று.
ஆட்சேபம் பத்தொன்பது, ஆதரவு மூன்று.
ஒருவர் வந்தது நாய் உரிமம் பற்றிக் கேட்க.
வாக்கெடுப்பு அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.
எழுத்தர் கருத்து எதுவும் கூறவில்லை.

நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டுத் திரும்பினால்
வாசலில் இரண்டே ஜோடி பூட்ஸ்.

ஆர்லிஸ் மேசைக்கு வந்தாள்.
கடிகாரத்தை எடுத்து
மூன்றுக்குத் திருகி
என் முன்னால் வைத்தாள்.

டிக் டிக் என்று அது ஓடியது.
வெளியே சகதியில் சிக்கிய யாருடைய வண்டியோ
முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருந்தது.
நான் பேனாவை மூடினேன். திறந்தேன்.

அரை நிமிடம் மிச்சம் இருக்கையில்
அவளே கேட்டாள், மிக மெதுவாக:
“ஏக்கருக்கு எவ்வளவு?”