பின்பக்க லேபல்

முன்பக்கத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்:
மரைத் தலை, கிளைவிட்ட கொம்பு, பொன் எழுத்து.
பின்பக்கம் என்னிடம் வந்தது,
நுவரெலியாப் பழைய கடைவீதி அச்சகத்துக்கு,
ஆங்கிலத்தில் அறுபது சொல்.
'தமிழ்ல இருபத்தைஞ்சுக்குள்ள முடிங்க மிஸ் பவளராணி,
பார்கோட் பக்கத்துல இடமில்ல.'

அறுபதின் சாரம் இவ்வளவுதான்:
ஒரு வெள்ளைக்காரர், கோப்பியில் நட்டப்பட்டவர்,
மலையேறினார். அருவியில் கை நனைத்தார்.
'எங்கள் ஊர்த் தண்ணீர்' என்றார்.
அன்றே பிறந்தது மரை லேகர்.

அருவியிலிருந்து போத்தலுக்குத்
தானே நடந்துவந்தது போல.

வாற்கோதுமை கப்பலில் வந்தது, சரி.
துறைமுகத்திலிருந்து மேலே?
கம்பளை தாண்டி மாடு எங்கே நுரை தள்ளியது,
றம்பொடை வளைவில் சில்லுக்குக் கல் வைத்தது யார்,
செப்பு அண்டாவுக்கு எத்தனை தோள்?
எண்ணிப் பார்த்தேன்.
'தோள்' ஒரு சொல்தான்.
இடம் இருந்தது.

மனேஜர் ஜயசுந்தர சிரித்தார்:
'போத்தல யாரு வாசிக்கிறது, நங்கி?'

நான் வாசித்தேன், சேர்.
கந்தப்பளையில், எட்டாம் நம்பர் லயத்தில்.
சம்பளச் சனிக்கு அடுத்த காலை
தவறணைக்குப் பின்னால் கானில் பொறுக்கியதை
அண்ணன் வேலாண்டியும் நானும்
சாம்பல் போட்டுக் கழுவுவோம்.
கழுத்து உடையாதது இரண்டு ரூபாய்.
கிழியாமல் உரிந்த லேபல் எனக்கு.
'எல்' முதுகு நிமிர்ந்த நாற்காலி.
'ஜி' வாலைச் சுருட்டிப் படுத்த நாய்.
'லாகர்' என்று வகுப்பில் உரக்கச் சொல்லி
எபனேசர் மாஸ்டரிடம் குட்டு வாங்கினேன்.
எங்கே படித்தாய் என்று அவர் கேட்கவில்லை.

சில போத்தல் எங்கள் கட்டிலடியிலிருந்தே வரும்.
அதற்கும் அதே இரண்டு ரூபாய்.
அப்பாவின் செக்றோலில்
அந்த வரவு ஏறவில்லை.

அன்றும் அதில் தமிழ் இருந்தது,
ஆக அடியில், எறும்பு வரிசையாக:
'மது உடநலத்துக்குக் கேடு.'
அந்தப் பிழையே
இன்றுவரை அச்சேறுகிறது.
பிறந்த கதை ஆங்கிலத்தில்,
எச்சரிக்கை மட்டும் எங்களுக்கு.

வேலாண்டிக்கு நாற்பத்தொன்றில் ஈரல் போயிற்று.
அவன் எழுத்துக் கூட்டியதில்லை;
சரியாக அடித்திருந்தாலும்
அவனுக்கு அது எறும்புதான்.

நேற்று எழுதி அனுப்பினேன்:

'மலைத் தண்ணீர். கடல் தாண்டிய வாற்கோதுமை.
ஏற்றத்தில் மாடு, மாட்டுக்குப் பின்னால் தோள்.
அப்படி வந்தது இது.'

பதின்மூன்று சொல்.
மிச்சம் பன்னிரண்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

கொழும்பில் அதை வாசிக்க ஆளில்லை.
அளவு பார்த்து ஒப்பமிட்டார்கள்.
படம் வரைகிறவர் மட்டும் யாரிடமோ கேட்டிருக்கிறார்,
தோள் என்றால் என்னவென்று;
மரைக்குத் தோள் வரையவேண்டுமோ என்ற கவலை.
வரைந்தும் விட்டார்.
மிருகம் இப்போது
எதையோ இழுப்பது போல நிற்கிறது.

நாளை போயா, கடைகள் பூட்டு.
அச்சுக்கு ஒரு நாள் மிச்சம்.
யாரும் கேட்காமலே
ஆக அடி வரியில் அந்த 'ல்'லை
அதன் இடத்தில் வைத்தேன்.